புதுப்பிப்பு: தம்பியின் கால் முறிவு, ராடு வைத்து ஆறு வாரம்

பைக்கில் விழுந்த தம்பிக்கு முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பு நடுவில் முறிந்தபோது, எலும்பைச் சேர்த்துப் பிடிக்க உள்ளே வைப்பது பிளேட்டா (தகடு) ராடா (கம்பி), ஸ்டீலா டைட்டானியமா என்று இங்கே பதறிக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

டைட்டானியம் ராடுதான் வைத்தார்கள். டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி நிதானமாக விளக்கினார். பிளேட் எலும்பின் மேல் ஒட்டி உட்காரும். ராடோ முழங்கால் பக்கமிருந்து எலும்பின் நடுவே உள்ள மஜ்ஜைக் குழாய்க்குள் இறங்கும். பாரம் எலும்பின் நடுவழியே போவதால் சீக்கிரம் கால் ஊன்றலாம். முறிந்த இடத்தைப் பெரும்பாலும் திறக்க வேண்டியதில்லை, அதனால் சுற்றியுள்ள சதைக்குச் சேதம் குறைவு. 1940-இல் ஜெர்மானிய மருத்துவர் கூன்ச்சர் இந்த முறையை அறிவித்தபோது குறுக்கு ஸ்க்ரூ கிடையாது. இப்போது மேலும் கீழும் ஸ்க்ரூ போடுவதால் எலும்பு திருகாது, குறுகாது.

சரி, உலோகம்? ஸ்டீலின் விறைப்பு, அதாவது வளையாமல் நிற்கும் தன்மை, சுமார் 190 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), டைட்டானியம் 110, எலும்பு 20-ஐ ஒட்டி. விறைப்பு மிக அதிகமானால் எலும்பு தாங்க வேண்டிய பாரத்தையும் உலோகமே வாங்கிக்கொள்ளும், வேலையில்லாத எலும்பு பலவீனமாகலாம். ஸ்டீலில் நிக்கல் கலந்திருக்கும், டைட்டானியத்தில் அந்த நிக்கல் ஒவ்வாமைப் பயமும் இல்லை. ஆனால் ஸ்டீல் வைத்தவர்கள் தயவுசெய்து கவலைப்பட வேண்டாம், அதிலும் எலும்பு நன்றாகவே கூடுகிறது. உலோகத்தைவிட எலும்பை நேராகச் சேர்ப்பதுதான் முக்கியம் என்பது இப்போது என் எண்ணம்.

நேற்றைய எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி மேகம் போலப் புது எலும்பு தெரிந்தது. அம்மா அழுதேவிட்டார். தம்பி வாக்கரில் பாதி பாரம் ஊன்றி நடக்கிறான். அவன் புகையிலையைத் தொடாமல் இருப்பதை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறோம், எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும்.

முழங்காலின் முன்பக்கம் வலி இருக்கிறது, ராடு வைத்த பலருக்கும் வருமாம். உங்களில் யாருக்காவது இருந்ததா? மண்டியிட எத்தனை நாள் ஆயிற்று?