கருப்பூர் பக்கம் பழைய டீசல் டேங்க் இருந்த இடம்: இந்தச் சோதனை போதுமா?

கருப்பூரான்:
வணக்கம். சேலம் கருப்பூர் பக்கம் பழைய லாரி ஒர்க்‌ஷாப் இடம் ஒன்றை வாங்கிப் பேக்கிங் யூனிட் போடலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மண்ணுக்கடியில் டீசல் டேங்க் ஒன்று பல வருடமாகக் கிடக்கிறது. பக்கத்துத் திறந்த கிணற்றில் வெயில் காலத்தில் டீசல் வாடை வருகிறது என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். சோதிக்க வந்தவர் 5 மீட்டருக்கு ஒன்றாக, 3 மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு, பி.ஐ.டி. மீட்டரில் (மண்ணிலிருந்து வரும் ஆவியை அளக்கும் கைக்கருவி) வாயு அளந்து, எல்லா இடமும் பச்சையாக, அதாவது சுத்தம் என்று, ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார். இதை நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா? நாளைக்கு வேலையாட்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கப் போகிறார்கள்.

மண்சோதனை:
கொடுக்காதீர்கள். பி.ஐ.டி. மீட்டர் ஆவியாகும் பொருளை மட்டும்தான் பார்க்கும். பெட்ரோல் என்றால் அதிலுள்ள பென்சீன், டொலுயீன் ஆவியாக வந்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். பழைய டீசல் மண்ணில் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தால்கூட மீட்டரில் முள் பெரிதாக அசையாது. டீசலுக்கு மண்ணை லேபுக்கு அனுப்பி, கேஸ் குரோமட்டோகிராபி முறையில் மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன் பார்க்க வேண்டும். களத்திலேயே தெரிய வேண்டுமென்றால் மண்ணைக் கொஞ்சம் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு, எண்ணெயில் மட்டும் கரையும் ‘சூடான்’ என்ற சிவப்புச் சாயம் சேர்த்துக் குலுக்கிப் பார்க்கலாம், எண்ணெய் தனியாக இருந்தால் சிவப்பாகத் தெரியும்.

அப்புறம் அந்த 3 மீட்டர். புதைத்த டேங்கின் அடிப்பாகமே கிட்டத்தட்ட அந்த ஆழத்தில்தான் இருக்கும், கசிந்தது அதற்கும் கீழேதானே போயிருக்கும்? துளை பாறையில் முட்டி நின்றதா, அவராக நிறுத்தினாரா என்று கேளுங்கள்.

அடிவாரத்து ஆள்:
மேலே சொன்னதோடு, அந்தப் பச்சை வரைபடமே எனக்கு உறுத்துகிறது. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து கிணறுகளில் எண்ணெய் வந்ததே, அது கடலோர மணல் பூமி. அங்கே இரண்டு துளைக்கு நடுவில் உள்ளதைக் கணக்குப் போட்டு நிறம் தீட்டினால் ஓரளவு சரியாக வரும். நம் சேலத்தில் மேலே சிதைந்த மண், அதற்குக் கீழே சார்னகைட், நைஸ் என்ற கடினப் பாறை. டீசல் பாறைத் தலை வரை இறங்கி, பிறகு பாறை வெடிப்பு (விரிசல்) எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான் போகும். ஒரு துளை சுத்தமாக இருக்கும், இரண்டடி தள்ளிப் போட்டால் எண்ணெய் வடியும்.

முதலில் அந்தக் கிணற்றுச் சுவரில் வெடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று மேலிருந்தபடியே பார்த்து வரையச் சொல்லுங்கள் (வாயு இருக்கும், யாரையும் உள்ளே இறக்காதீர்கள்). குறைந்தது மூன்று இடத்தில் நீர்மட்டம் அளந்தால்தான் தண்ணீர் எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரியும். எண்ணெய் மிதக்கும் கிணற்றில் அந்த அளவைத் திருத்த வேண்டும், 10 செ.மீ. டீசல் நின்றால் அதன் எடையில் நீர்மட்டம் சுமார் 8 செ.மீ. கீழே அழுந்தியிருக்கும்.

கருப்பூரான்:
நன்றி அண்ணா. போர் போடுவதற்கு முன் ரெசிஸ்டிவிட்டி (நிலத்தின் மின்தடையை அளக்கும் சோதனை) பார்ப்பார்களே, அதில் டீசல் தெரியாதா? எப்படியும் அங்கே ஆயிரம் அடி போர் ஒன்று போடும் எண்ணம் இருக்கிறது.

மண்சோதனை:
பாறை எந்த ஆழத்தில், வெடிப்பு எங்கே என்று பார்க்க ரெசிஸ்டிவிட்டி உதவும். டீசலைக் கண்டுபிடிக்க அதை மட்டும் நம்ப முடியாது. புதிய டீசல் மின்தடையைக் கூட்டும், நுண்ணுயிர்கள் தின்று பழசான டீசல் இருக்கும் இடத்தில் தடை குறைந்தும் போகும்.

போரை மட்டும் இப்போது தொடவே தொடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நம் ஊரில் மேல்மண் சரியாமல் இருக்கப் பாறை வரைக்கும்தான் கேசிங் குழாய் இறக்குகிறார்கள், அதைச் சுற்றி சிமென்ட் அடைப்பவர்கள் குறைவு. மேலே நிற்கும் டீசலுக்கு அந்த இடுக்கு வழியாக ஆழத்துத் தண்ணீருக்கு நீங்களே பாதை போட்டுக் கொடுத்தது போல ஆகிவிடும், அப்புறம் அக்கம்பக்கத்துப் போர் எல்லாம் கெடும்.

சேலத்து_நீர்:
சோதிக்கும் மாதத்தையும் பாருங்கள். மழைக்குப் பிறகு நீர்மட்டம் ஏறும்போது டீசல் வெடிப்புகளில் தண்ணீருக்கு அடியில் சிக்கிக்கொள்ளும், கிணறு சுத்தமாகத் தெரியும். ஏப்ரல், மே மாதம் மட்டம் இறங்கியதும் திரும்ப வரும். வெயில் காலத்தில்தான் வாடை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால் மழைக்காலத்து ஒரு ரிசல்ட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். தண்ணீர் சாம்பிளைக் கண்ணாடிக் குப்பியில் காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான், வாடை இல்லாவிட்டாலும் அதைத் தாண்டியிருக்கலாம்.

விற்பவர் செலவிலேயே டேங்கை வெளியே எடுக்கச் சொல்லி, குழியின் அடிமண் ரிசல்ட் கைக்கு வந்த பிறகு விலை பேசுங்கள்.