எழும்பூரில் இறங்கி சென்ட்ரலில் ஏற ஒன்றரை மணி நேரம் போதுமா?

வணக்கம் நண்பர்களே. விஜயவாடாவில் இருக்கும் தங்கைக்கு வளைகாப்பு. அம்மாவும் நானும் கும்பகோணத்திலிருந்து கிளம்புகிறோம். இதுவரை எங்கே போனாலும் பஸ்தான். ரயிலில் இதுவே முதல் தடவை.

இரவு ரயில் அதிகாலையில் எழும்பூர் வந்து சேரும். அடுத்த ரயில் சென்ட்ரலிலிருந்து. இடையில் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. முதல் ரயில் அரை மணி தாமதமானால்கூட என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது. அம்மாவுக்கு மூட்டுவலி, ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுவார். சீர்ப் பலகாரத் தூக்கு இரண்டு, அப்புறம் கண்ணாடி வளையல் பெட்டி ஒன்று. அந்தப் பெட்டியை அவர் யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு மெட்ரோவில் ஒரே ஒரு நிறுத்தம்தான், காலை 5 மணிக்கே ஓடத் தொடங்கிவிடும். ஆனால் நடைமேடையிலிருந்து மெட்ரோவுக்கு எவ்வளவு நடக்க வேண்டும்? வழி முழுக்க லிஃப்ட் உண்டா? அம்மாவை வைத்துக்கொண்டு ஆட்டோவே மேலா?

இன்னொன்று. இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆரையும், அதாவது முன்பதிவு எண்ணையும், இணைத்துவிட்டால், முதல் ரயில் தாமதமாகி அடுத்ததை விட்டாலும் பணம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். இறங்குவது ஒரு நிலையம், ஏறுவது வேறு நிலையம் என்றாலும் இணைக்க விடுவார்களா? அப்படி இணைத்துப் பணம் வாங்கியவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து விவரமாகச் சொல்லுங்கள். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஒன்றரை மணி போதாது என்றால் முந்தின நாளே கிளம்பிவிடுகிறோம்.