மறு: டேபிள்ஸ்பேஸ் – அட்டவணைவெளி சரிவருமா?

> போக்கர் ஆட்டப் பதிவுகளைச் சேமித்து ஆராயும் போக்கர்டிராக்கர் 4 என்ற நிரலையும் அதன் தரவுத்தளத்தையும் சி டிரைவிலிருந்து புது எஸ்எஸ்டிக்கு மாற்றுவது எப்படி என்று ஒரு கையேடு எழுதி வருகிறேன். தரவுத்தளக் கோப்புகள் வைக்கப்படும் இடமான டேபிள்ஸ்பேஸுக்கு இப்போதைக்கு 'அட்டவணைவெளி' என்று போட்டிருக்கிறேன். குழு என்ன சொல்கிறது?

வணக்கம்.

அட்டவணைவெளி வேண்டாம். அதன் இரண்டு பாதியிலும் எனக்குச் சிக்கல் இருக்கிறது.

முதலில் 'அட்டவணை'. போக்கர்டிராக்கர் தன் தரவை வைக்கும் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸில் ஒரு டேபிள்ஸ்பேஸுக்குள் அட்டவணை மட்டும் இருப்பதில்லை. சுட்டுகளும் (இன்டெக்ஸ்) இருக்கும், முழுத் தரவுத்தளத்தையே அங்கே வைக்கலாம். உங்கள் கையேட்டில் நடப்பதும் அதுதான். 'தரவுத்தளத்தை அட்டவணைவெளிக்கு மாற்றுங்கள்' என்று படிக்கிறவர், அட்டவணை எங்கிருந்து வந்தது என்று விழிப்பார். போதாததற்கு, உங்கள் வாசகர் சீட்டாடுகிறவர். டேபிள் என்றதும் அவர் மனத்தில் வருவது பச்சைத் துணி விரித்த மேசை.

அடுத்து 'வெளி'. பெயர்கள் ஒன்றோடொன்று மோதாமல் பிரித்து வைக்கிற நேம்ஸ்பேஸைப் பெயர்வெளி என்கிறோம், பொருந்துகிறது. அது கருத்தளவில் உள்ள ஒன்று, கைவைத்துக் காட்ட முடியாது. போஸ்ட்கிரெஸின் டேபிள்ஸ்பேஸ் அப்படியல்ல. வட்டில் முகவரியோடு இருக்கிற ஓர் அடைவு (ஃபோல்டர்). டி டிரைவில் வெற்று அடைவு ஒன்றை உருவாக்கி, 'இதற்கு இன்ன பெயர்' என்று போஸ்ட்கிரெஸிடம் சொல்கிறோம். அது தன் தரவு அடைவுக்குள் பிஜி_டிபிஎல்எஸ்பிசி என்ற இடத்தில் அந்த முகவரிக்கு ஓர் இணைப்பை வைத்துக்கொள்கிறது. வேலை அவ்வளவுதான். இதற்குப் போய் விண்வெளி, வெட்டவெளி வரிசையில் ஒரு சொல் எதற்கு?

> பத்தாயம் என்று வைத்தால் என்ன? நம் சொல், எல்லாருக்கும் புரியும், ஒரே சொல்லாகவும் இருக்கிறது.

சொல் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் அது ஆபத்தானது. பாகம் பிரிக்கும்போது பத்தாயம் தம்பி பங்குக்குப் போனால், அவர் வீட்டிலும் உள்ளே இருப்பது அதே நெல்தான். டேபிள்ஸ்பேஸை அப்படிப் பிரித்துக் கொண்டுபோக முடியாது. எந்தக் கோப்பு எந்த அட்டவணைக்கு உரியது என்ற விவரம் அந்தத் தரவுத்தளத்தின் கேட்டலாகில், அதாவது அதன் உள்விவரப் பட்டியலில், இருக்கிறது. எந்தத் தரவுத்தளங்கள் இருக்கின்றன என்ற விவரமும் பரிவர்த்தனைப் பதிவும் சி டிரைவில் உள்ள மூலத் தரவு அடைவில் இருக்கின்றன. அது இல்லாமல் டி டிரைவில் மிஞ்சுவது எண்களைப் பெயராகக் கொண்ட கோப்புக் குவியல்தான். இன்னொரு கணினியின் போஸ்ட்கிரெஸோடு அதை ஒட்டவும் முடியாது.

நான் பயப்படுவது இதற்குத்தான். ஒருவர் உங்கள் கையேட்டைப் பார்த்துத் தரவுத்தளத்தை டி டிரைவுக்கு மாற்றுகிறார். ஆறு மாதம் கழித்து விண்டோஸ் மெதுவாகிவிட்டது என்று சி டிரைவைச் சுத்தமாக அழித்துப் புதிதாக நிறுவுகிறார். 'ஆட்டமெல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறதே' என்ற தைரியம். போயிற்று. தலைகீழாகவும் நடக்கும். டி டிரைவைக் கழற்றிவிட்டால் அந்தத் தரவுத்தளம் திறக்காது, சில சமயம் போஸ்ட்கிரெஸே எழுந்திருக்காது. பெட்டி, பை, கிடங்கு என்று தனியாக நிற்கக்கூடிய எந்தப் பொருளின் பெயரும் இந்தத் தப்பு நம்பிக்கையைக் கொடுத்துவிடும். கிடங்கு ஏற்கெனவே டேட்டா வேர்ஹவுஸுக்குப் போய்விட்டது என்பது வேறு விஷயம்.

என் பரிந்துரை 'தரவு வைப்பிடம்'. அடுத்தடுத்து வரும்போது 'வைப்பிடம்' என்றாலே போதும். வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்:

டி டிரைவில் உள்ள அடைவைப் புதிய வைப்பிடமாகப் பதிவு செய்யுங்கள்.
தரவுத்தளத்தை வேறு வைப்பிடத்துக்கு மாற்றுங்கள்.
முன்னிருப்பு வைப்பிடம் சி டிரைவில் உள்ளது.

எங்கும் இடறவில்லை.

கையேட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'மாற்றுதல்' என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு வேலைகளைக் குறிக்கிறீர்கள். போக்கர்டிராக்கர் நிரலை மாற்றுவது பெரிய காரியமில்லை. நீக்கிவிட்டு டி டிரைவில் நிறுவினால் ஆயிற்று, சி டிரைவில் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது அதுவல்ல. தரவுத்தளத்துக்குத்தான் மூன்று வழி உண்டு. போஸ்ட்கிரெஸ் சேவையை நிறுத்தி, தரவு அடைவை முழுதாக நகலெடுத்து, சேவை ஓடும் கணக்குக்குப் புது அடைவில் அனுமதி கொடுத்து, சேவையின் தொடக்கக் கட்டளையில் இருக்கும் பாதையைத் திருத்துவது ஒன்று. இதை 'அடைவுப் பெயர்ப்பு' எனலாம். வைப்பிடம் உருவாக்கி ஒரு தரவுத்தளத்தை மட்டும் அங்கே அனுப்புவது 'வைப்பிட மாற்றம்'. இதற்கு போஸ்ட்கிரெஸ் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆனால் அந்தத் தரவுத்தளத்தோடு யாரும் இணைந்திருக்கக் கூடாது. அதாவது போக்கர்டிராக்கரை மூடியே ஆக வேண்டும். மூன்றாவது, காப்பு எடுத்து வேறிடத்தில் மீட்டமைப்பது. நீங்கள் எந்த வழியைச் சொன்னாலும் முதல் வரியில் காப்பு எடுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.

———

> என் பரிந்துரை 'தரவு வைப்பிடம்'.

வணக்கம் ஐயா. இரண்டு ஐயங்கள்.

நான் இருப்பது யாழ்ப்பாணம். எங்களுக்கு வைப்பு என்றால் உடனே வங்கிதான். நிலையான வைப்பு, சேமிப்பு வைப்பு என்றுதான் பழகியிருக்கிறோம்.

இன்னொன்று, நீங்கள் போஸ்ட்கிரெஸை மட்டும் பார்த்துச் சொல்கிறீர்கள். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளின் சேமிப்புப் பகுதியான இன்னோடிபியில் டேபிள்ஸ்பேஸ் என்பது அடைவல்ல, கோப்பு. வழக்கமான அமைப்பில் அட்டவணைக்கு ஒன்றாக இருக்கும். ஆரக்கிள் தரவுத்தளத்தில் அது தரவுக் கோப்புகளின் தொகுப்பு. அங்கே முறைப்படி செய்தால் ஒரு டேபிள்ஸ்பேஸை இன்னொரு தரவுத்தளத்துக்குக் கொண்டுபோகவும் வழி இருக்கிறது. அப்படியானால் பத்தாயம் ஆரக்கிளுக்குப் பொருந்துகிறதே!

———

> பத்தாயம் ஆரக்கிளுக்குப் பொருந்துகிறதே!

பொருந்துகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மென்பொருளுக்கு மென்பொருள் வேறு சொல் வைத்தால் மொழிபெயர்ப்பவர் பாடு திண்டாட்டம். அடைவோ, கோப்போ, கோப்புகளின் தொகுப்போ, எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது 'தரவு எங்கே வைக்கப்படுகிறது' என்பதுதான். வைப்பிடம் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. தூக்கிப் போகலாமா கூடாதா என்பதை அந்தந்தக் கையேடு சொல்லட்டும். வங்கி வைப்பு பற்றி: 'இடம்' சேர்ந்த பிறகு குழப்பம் வராது என்று நினைக்கிறேன். உறுத்துகிறது என்றால் 'தரவு இருப்பிடம்' எனலாம், ஆனால் லொக்கேஷனுக்குப் பலர் அதை ஏற்கெனவே புழங்குகிறார்கள்.

———

இருவருக்கும் நன்றி. தரவு வைப்பிடம் என்றே போடுகிறேன். கோப்புறையை அப்படியே இன்னொரு கணினிக்குத் தூக்கிப் போகக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில், வைப்பிடம் உருவாக்கும் படிக்கு முன்னாலேயே வைத்துவிட்டேன்.

அடுத்து 'ஹேண்ட்', அதாவது ஒரு முறை சீட்டுப் போட்டு ஆடி முடிக்கும் சுற்று. போக்கர்டிராக்கர் இறக்குமதி செய்வதே ஹேண்ட் ஹிஸ்டரி கோப்புகளைத்தான். 'ஐந்து லட்சம் கைகள் இறக்குமதியாயின' என்று எழுதினால் சிரிப்பு வருகிறது. 'ஆட்டம்' என்றால் கேமுக்கு வேறு சொல் தேட வேண்டும். யாராவது யோசித்திருக்கிறீர்களா?