லங்காஸ்டர் 1/72: மூன்று வகை செய்யத் திட்டம், முதல் பெட்டியிலேயே மாட்டிக்கொண்டேன்

பசைக்கை:
வணக்கம். இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் லங்காஸ்டர். அதை 1/72 அளவில் பிளாஸ்டிக் மாதிரியாகச் செய்ய இரண்டு பெட்டிகள் கையில் இருக்கின்றன. ஒன்று 1943-இல் ஜெர்மன் அணைகளை உடைக்கப் போன வகை, மற்றது சாதாரண மார்க் 1/3 (மார்க் என்றால் வகை எண்). முதலாவதை அப்படியே செய்வேன். இரண்டாவதை 22,000 பவுண்டு எடையுள்ள கிராண்ட் ஸ்லாம் குண்டு சுமந்த விமானமாக மாற்றுவேன். அப்புறம் இன்னொரு சாதாரணப் பெட்டி வாங்கி, ரெசின் எஞ்சின் மாட்டி மார்க் 2 ஆக்குவேன். இதுதான் திட்டம்.

சிக்கல் இது: கிராண்ட் ஸ்லாமுக்காக முதுகு டரட் (சுழலும் துப்பாக்கிக் கூண்டு) துளையைப் புட்டியால் அடைத்தேன். காய்ந்ததும் குழி விழுந்தது. மறுபடி பூசினேன், மறுபடியும் குழி. வேறு என்ன செய்யலாம்? இன்னொரு சந்தேகம்: அணைப் பெட்டியின் டீகாலில் (ஒட்டும் எழுத்துத் தாளில்) விமான எண் "இடி932/ஜி" என்று இருக்கிறது. இந்த "ஜி" என்ன துணை வகை? அதே தாளில் மீதமாகும் ஏஜே என்ற படைப்பிரிவு எழுத்துகளைக் கிராண்ட் ஸ்லாமுக்கு ஒட்டலாமா? இரண்டும் பிரிட்டிஷ் விமானப்படையின் அதே 617 படைப்பிரிவுதானே?

ஸ்ப்ரூமாமா:
அவ்வளவு பெரிய துளைக்குப் புட்டி மட்டும் போட்டால் எத்தனை முறை பூசினாலும் இறங்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். துளையின் அளவுக்கு 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டில் ஒரு வட்டம் வெட்டி உட்காரவைத்து, உள்பக்கம் இன்னொரு தகட்டுத் துண்டை முட்டுக் கொடுத்து ஒட்டுங்கள். முதுகு வளைவாக இருப்பதால் வட்டம் கொஞ்சம் மேலே துருத்தி நிற்கட்டும், பிறகு தேய்த்து வளைவுக்குக் கொண்டுவரலாம். விளிம்பு இடுக்குக்கு மட்டும் சூப்பர் குளூ. அது ஒரு நாள் கிடந்தால் பிளாஸ்டிக்கை விடக் கெட்டியாகிவிடும், அதனால் அன்றைக்கே தேய்த்துவிடுங்கள்.

நீலவானம்:
மூக்கில் ஈயக் குண்டு போட மறக்காதீர்கள். நான் போடாமல் விட்டதால் என்னுடையது வாலில் உட்கார்ந்துவிட்டது.

ஸ்ப்ரூமாமா:
உங்களுடையது லிபரேட்டராக இருக்கும் தம்பி. மூக்கில் சக்கரம் உள்ள பி-24, பி-29 மாதிரி விமானங்களுக்குத்தான் அந்தத் தலைவலி. லங்காஸ்டரே வால் சக்கரத்தில் உட்காருவதுதான்.

நீலவானம்:
ஆமாம், லிபரேட்டர்தான். மன்னிக்கவும்!

பழையபறவை:
பசைக்கை, டீகாலை ஒட்டும் முன் நல்லவேளை கேட்டீர்கள். "ஜி" துணை வகை இல்லை. ரகசியக் கருவி உள்ள விமானம், தரையில் நிற்கும்போது எப்போதும் காவல் வேண்டும் என்பதற்கான குறி. இடி932/ஜி, 617-இன் தலைவர் கை கிப்சன் ஓட்டிய விமானம். 1943 மே 16 இரவு புறப்பட்டவை 19, திரும்பாதவை 8.

படைப்பிரிவு ஒன்றுதான், ஆனால் ஏஜே 1943-க்கு உரியது. 1945-இல் கிராண்ட் ஸ்லாம் சுமந்தவற்றுக்கு ஒய்இசட் எழுத்துகள். முதல் குண்டை மார்ச் 14 அன்று பீலஃபெல்ட் ரயில் பாலத்தின் மேல் போட்ட பிடி112-ஐ எடுத்துக்கொண்டால் உங்களுக்கு வேலை சுலபம்.

இன்னொன்று. வயிற்றுக் கதவு (குண்டு அறையின் கதவு) இரண்டிலும் இல்லை, முதுகு டரட்டும் இரண்டிலும் இல்லை, அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். அணை விமானத்தில் மூக்கு டரட் உண்டு. கிராண்ட் ஸ்லாமில் அதையும் எடுத்துவிட்டுத் தகட்டு மூடி போட்டார்கள், எல்லாம் எடை குறைக்கத்தான். கீழே குண்டு வீசுபவரின் கண்ணாடிக் குமிழ் அப்படியே இருக்கும், அதைச் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். விசிறியும் அகன்ற அலகு உள்ளதுதான். குண்டு 26 அடி 6 அங்குலம், உங்கள் அளவில் சுமார் 11.2 செ.மீ. வாங்கினாலும் செய்தாலும் முதலில் அளந்து பாருங்கள்.

மார்க் 2-க்கு எஞ்சின் மட்டும் மாற்றினால் போதாது. மற்ற லங்காஸ்டர்களில் இருந்த மெர்லின் எஞ்சினுக்குத் தட்டுப்பாடு வருமோ என்ற பயத்தில் பிரிஸ்டல் ஹெர்குலிஸ் பூட்டிச் செய்தவை அவை, மொத்தம் 300. அமெரிக்காவில் பேக்கார்டு மெர்லின் செய்யத் தொடங்கியதும் அந்தப் பயம் போய்விட்டது. பலவற்றில் வயிற்றுக் கதவு புடைத்திருக்கும், சிலவற்றில் வயிற்றுக்கு அடியிலும் டரட் இருக்கும். ரெசின் எஞ்சின், கதவு, டரட் என்று தனித்தனியாக வாங்கினால் பெட்டியை விட விலை கூடும். ஏர்ஃபிக்ஸ் மார்க் 2-ஐத் தனிப் பெட்டியாகவே போட்டிருக்கிறது, அதைத் தேடுங்கள். வரிசை எண் டிஎஸ் அல்லது எல்எல் என்று தொடங்க வேண்டும்.

என் வழக்கம்: எந்த விமானம், எந்த மாதம் என்று முடிவு செய்து, அதன் புகைப்படம் ஒன்றாவது கிடைத்த பிறகுதான் பெட்டியைத் திறப்பேன். மார்க் 1-க்கும் 3-க்கும் வெளியே பார்த்தால் வித்தியாசமே இல்லை என்று சொல்லலாம், எஞ்சின் பிரிட்டனில் செய்ததா பேக்கார்டு செய்ததா என்பதுதான். ஆனால் ஒரே விமானம் இரண்டு வருடத்தில் விசிறி மாற்றியிருக்கும், எச்2எஸ் ரேடார் குமிழ் ஒட்டியிருக்கும். லண்டன் ஹெண்டன் அருங்காட்சியகத்தில் நிற்கும் ஆர்5868, 137 முறை தாக்குதலுக்குப் பறந்ததாகக் கணக்கு. அதைச் செய்வதென்றால் எந்த வருடத்து ஆர்5868 என்று கேட்க வேண்டும்.

ஸ்ப்ரூமாமா:
அலமாரியையும் அளந்துவிடுங்கள். இறக்கை 102 அடி, அதாவது 43 செ.மீ. மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்தால் 130 செ.மீ. நான் அளக்காமல் செய்த ஒன்று இப்போது துணி பீரோ மேல் இருக்கிறது.

பசைக்கை:
ஐயா, மாமா, இருவருக்கும் நன்றி. ரெசின் எஞ்சினுக்குப் பணம் கட்ட இருந்தேன், நிறுத்திவிட்டேன். மார்க் 2 பெட்டி தேடுகிறேன். மூக்கு மூடியை எப்படிச் செய்வது?

பழையபறவை:
அந்த டரட் கண்ணாடியின் உள்ளே எபாக்சி புட்டி அடைத்து, இறுகியதும் மேலே தேய்த்து உருவம் கொண்டுவாருங்கள். பிடி112-இன் மூக்குப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

பசைக்கை:
நான்கு நாள் கழித்து: முதுகில் தகடு வைத்துத் தேய்த்து ப்ரைமர் அடித்தேன். வட்டம் இருந்த இடமே தெரியவில்லை. மூக்கு மட்டும் இன்னும் உருளைக்கிழங்கு மாதிரிதான் இருக்கிறது, தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.