ஒரே மீன், ஒரே இடம்

குழு: கல்லடிச் சொந்தங்கள் (மட்டக்களப்பு)

7:12 சின்னம்மா: மகள், கெஸ்ட் ஹவுஸ் வெப்சைட்டைத் திறந்து பார்த்தேன். பாலத்துப் படம் நல்ல வடிவு. ஆனால் கீழே வாவியில் மீன் பாயுதே, எட்டும் ஒண்டாக எழும்பி ஒண்டாக விழுது. பரேட் பழகுற மாதிரி.

7:20 நான்: ஓம் சின்னம்மா, அது எடுத்துப் போட்ட ஒரு ரெடிமேட் கோட். ஏதோ ஒரு எண்ணை எடுத்துத் தர்ற மேத்.ரேண்டம், மீனுக்கு மீன் திரும்ப ஓடுற லூப்புக்கு வெளியே ஒரு தரம் ஓடி, வந்த எண்ணை எட்டு மீனுக்கும் பங்கு போடுது. லூப்புக்கு உள்ளே மாத்தியாச்சு. திரும்பத் திறந்து பாருங்க.

7:31 சின்னம்மா: இப்ப வேற வேற இடத்தில் பாயுது.

7:38 சின்னம்மா: இல்லகா. படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மீன் திரும்பத் திரும்ப அதே இடத்தில்தான் எழும்புது. தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் பார்த்தேன். நம்மட வாவியில் மணலை மீன் அப்படிப் பாயாது. இங்க ஒண்டு பாய்ஞ்சால் அடுத்தது எங்க எண்டு ஆருக்கும் தெரியாது.

7:40 மச்சான் கொழும்பு: சின்னம்மாவை டெஸ்டிங்குக்கு எடுக்கலாம் 😄

7:44 மச்சான் கொழும்பு: மச்சாள், அனிமேஷன் முடிவில்லாமல் ஓட இன்ஃபினிட் போட்டிருக்கிறியா? அது அதே கீஃப்ரேமை, அதாவது அசைவின் படிகளை, அதே எண்களோடதான் திரும்ப ஓட்டும். பேஜ் லோட் ஆகும்போது எடுத்த ரேண்டம் எண்ணைத் தானாகப் புதுப்பிக்காது. ஒவ்வொரு சுத்தும் முடியேக்க அனிமேஷன்இட்டரேஷன் எண்டு ஒரு ஈவன்ட், ஒரு அறிவிப்பு மாதிரி, வரும். அதைப் பிடிச்சு லெஃப்ட்டை, அதாவது மீன் இடப்பக்கமிருந்து நிற்கிற தூரத்தை, மாத்து.

7:58 நான்: மாத்தினேன் மச்சான். இடம் மாறுது. மீன் தண்ணிக்குள் மறைஞ்சு கிடக்கிற நேரம் இடம் மாறுறதால தாவுறதும் தெரியுதில்லை. ஆனால் எல்லா மீனும் ஆறு செக்கனுக்கு ஒருக்கா கணக்காக வருது. தொடங்க முன் காத்திருக்கிற டிலேயை ரேண்டமாக்கினால் முதல் தரம் மட்டும்தான் பிந்துது.

8:03 மச்சான் கொழும்பு: அது அப்படித்தான். அனிமேஷன்-டிலே தொடக்கத்தில் ஒரு தரம் மட்டுந்தான். சுத்துக்குச் சுத்து வராது.

8:05 நான்: ட்யூரேஷனை ஒவ்வொரு சுத்திலும் மாத்தினால்?

8:09 மச்சான் கொழும்பு: செய்யாதே. ஓடிக்கொண்டிருக்கிற அனிமேஷனின் நேரத்தை மாத்தினால் பிரவுசர் தொடக்கத்தில் இருந்து கணக்குப் பார்க்கும். மீன் ஆகாயத்தில் பாதியில் நிற்கேக்கயே வேற இடத்துக்குத் தாவிடும். இன்ஃபினிட்டையே தூக்கு. ஒரு தரம் பாயட்டும், அனிமேஷன்எண்ட் வந்ததும் மீனைப் பாய வைக்கிற கிளாஸைக் கழட்டு, ரெண்டு முதல் ஏழு செக்கனுக்குள் ஒரு எண்ணை எடுத்து அவ்வளவு நேரம் காத்திருக்க செட்டைம்அவுட் வை, மறுகா புது இடம் கொடுத்துக் கிளாஸைப் போடு.

8:10 மச்சான் கொழும்பு: கழட்டுறதையும் போடுறதையும் ஒரே மூச்சில் செய்தால் பிரவுசர் மாற்றத்தையே காணாது, மீன் பாயாது. நடுவில் இடைவெளி இருக்கிறதால உனக்கு அந்தத் தொல்லை வராது. இல்லாட்டி நடுவில் ஆஃப்செட்விட்த்தை, அதாவது மீனின் அகலத்தை, ஒருக்கா வாசிச்சால் சரி, பிரவுசர் மாற்றத்தைக் கண்டுகொள்ளும்.

8:26 நான்: வந்துட்டுது!! 🐟 ஒவ்வொண்டும் தன்பாட்டுக்குப் பாயுது.

8:29 சின்னம்மா: இப்பதான் வாவி. ஆனால் இப்ப ஒரு மீன் பாய்ஞ்ச இடத்திலேயே இன்னொரு தரம் பாய்ஞ்சிட்டுது.

8:31 மச்சான் கொழும்பு: சின்னம்மா, உண்மையான ரேண்டம் எண்டால் அப்படியும் வரும் 😅

8:32 சின்னம்மா: உண்மை எனக்கு வேணாம் மகன். பார்க்க நல்லா இருக்கோணும்.

8:34 நான்: சின்னம்மா சொல்றது சரி. வாவியைப் பத்து இடமாகப் பிரிச்சு, கடைசியாகப் பாய்ஞ்ச இடத்தை விட்டுட்டு மற்ற ஒன்பதில் ஒண்டைத் தெரிவு செய்ய வைக்கிறேன்.

8:47 மாமா: பிள்ளைகள், எனக்கு இந்தத் துள்ளலைப் பார்க்கத் தலை சுத்துது.

8:49 நான்: மாமா, உங்கட போனில் அக்ஸசபிலிட்டிக்குப் போய் அனிமேஷனைக் குறைக்கிறதை ஆன் பண்ணுங்க. பேஜில் பிரிஃபர்ஸ்-ரிடியூஸ்ட்-மோஷன் சேர்த்துட்டேன், அது இருந்தால் மீன் சும்மா நிற்கும்.

8:58 மாமா: நிக்குது. நல்லது. ஆனால் புக் பண்ணுற நம்பரைத் தட்டினால் ஒண்டும் நடக்குதில்லையே?

9:01 மச்சான் கொழும்பு: மீன் லேயர் பட்டனுக்கு மேல கிடக்கு. அதுதான் தட்டுறதையெல்லாம் வாங்குது.

9:04 நான்: மீன் லேயர் தட்டுறதை வாங்காமல் இருக்க பாயிண்டர்-ஈவன்ட்ஸ் நன் போட்டாச்சு. இப்ப தட்டுங்க மாமா.

9:05 மாமா: சின்னம்மாட போன் அடிக்குது.