கடல் வெப்ப அலை: கண்ணெதிரே கண்ட பட்டினி

கடல்நீர் அந்தப் பருவத்துக்குரிய அளவைவிட மிகவும் சூடாகி, 5 நாட்களோ அதற்கு மேலோ அப்படியே நீடித்தால் அதைக் கடல் வெப்ப அலை என்கிறார்கள். நான் முக்குளித்த சமயத்தில் அது வாரக்கணக்கில் நீடித்திருந்தது. பவளப்பாறை முழுவதும் வெள்ளை வெளேரென்று கிடக்கவே, எல்லாம் செத்துவிட்டதென்று உடன் வந்தவர் சைகை காட்டினார். ஆனால் மான்கொம்புப் பவளத்தின் கிளையொன்றை விளக்கொளியில் ஒரு சாண் தொலைவில் பார்த்தபோது, நிறமற்ற நுண்ணிய உணர்கொம்புகள் நீண்டு அசைந்துகொண்டிருந்தன. தன் திசுக்களுக்குள் வாழ்ந்து, ஒளிச்சேர்க்கையால் உணவின் பெரும்பகுதியை ஊட்டிவந்த பாசியை வெப்பம் தாளாமல் பவளம் வெளியேற்றிவிட்டதால் நிறம்தான் போயிருந்தது, உயிர் போகவில்லை. நீர் விரைவில் குளிர்ந்தால் பாசி மீண்டும் குடியேறும். தாமதமானால் பவளம் பட்டினியில் மடியும்.

அருகிலிருந்த கடற்சாமந்தியும் (பூவைப் போலத் தோன்றும் கடல் விலங்கு) வெளுத்திருந்தது. அதில் குடியிருந்த கோமாளி மீன்கள் வழக்கம்போல் என் முகக் கண்ணாடியை முட்ட வந்தன. (படமெடுப்பவர்களுக்கு அது கொண்டாட்டமான காட்சி; பாறையின் நலத்துக்கு அது சான்றல்ல.) பிரெஞ்சுப் பாலினீசியாவின் மூரியா தீவில், வெளுத்த சாமந்திகளில் வாழ்ந்த இத்தகைய மீன்கள் முட்டையிடுவது வெகுவாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

(இன்னொருவரின் மறுமொழி) மேலே பவளப்பாறை பற்றி எழுதிய நண்பருக்கு: பட்டினி என்று நீங்கள் குறிப்பிட்டதை, 2016 தொடக்கத்தில் அலாஸ்காவின் கரையொன்றில் நான் கையில் ஏந்தியே பார்த்தேன். முர் எனப்படும் கடற்பறவைகள் அலைவிளிம்பு நெடுகிலும் ஒதுங்கிக் கிடந்தன. கையுறையுடன் ஒன்றைத் தூக்கினால் கனமே இல்லை; நெஞ்செலும்பு கத்திமுனையாகத் துருத்தி நின்றது, இருபுறமும் இருக்கவேண்டிய தசை கரைந்துபோயிருந்தது.

'பிளாப்' என்று அழைக்கப்பட்ட அந்த வெப்ப அலை 2014 முதல் 2016 வரை வடகிழக்குப் பசிபிக்கில் நிலைகொண்டிருந்தது. சூடேறிய நீரில் கொழுப்புக் குறைந்த சிறிய மிதவை உயிரிகளே மிகுந்ததால் அவற்றைத் தின்னும் சிறுமீன்கள் மெலிந்தன. அதே சூடு காட் போன்ற பெரிய மீன்களின் உடலியக்கத்தை முடுக்கிப் பசியைக் கூட்டியதால், அவையும் அந்தச் சிறுமீன்களுக்கே பறவைகளோடு போட்டியிட்டன. நாள்தோறும் தன் எடையில் பாதியளவு இரை தேவைப்படும் முர், சில நாட்கள் உணவின்றி இருந்தாலே இறந்துவிடும். கலிபோர்னியா முதல் அலாஸ்கா வரை கரையொதுங்கியவை ஏறத்தாழ 62,000. அலாஸ்காவில் மட்டும் சுமார் 40 லட்சம் முர்கள் இறந்திருக்கும் என 2024-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. காட் மீன்களும் தப்பவில்லை. அலாஸ்கா வளைகுடாவில் அவற்றின் இருப்பு சரிந்து, 2020-இல் அங்கே அமெரிக்க மத்திய அரசின் கட்டுப்பாட்டிலுள்ள கடற்பரப்பில் காட் பிடிப்பே நிறுத்தப்பட்டது. முர்கள் கூடும் பாறைகளில் அவற்றின் எண்ணிக்கை மீண்டதற்கான அறிகுறியை அந்த 2024 ஆய்வும் காணவில்லை.