ஏழாம் நாளே ரத்த வளையம், பாதி முட்டை போகிறது. சேவலை மாற்ற வேண்டுமா?

கேள்வி (சுங்கை சிப்புட்)

வணக்கம். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம், வீட்டுக்குப் பின்னால் கம்போங் கோழி (நாட்டுக்கோழி) வளர்க்கிறோம், சேவல் ஒன்றுதான். பெட்டைகள் அடைக்கு உட்காராததால் காற்றாடி வைத்த சின்ன இன்குபேட்டர் வாங்கினோம். ஒவ்வொரு முறையும் ஏழாம் நாள் இரவில் டார்ச் அடித்துப் பார்த்தால் பாதி முட்டைகளில் சிவப்பு வளையம், சிலவற்றில் ஒன்றுமே இல்லை, வெறும் மஞ்சள். ஆனால் தப்பிக்கிற முட்டைகள் 21ஆம் நாள் நன்றாகவே பொரிக்கின்றன, குஞ்சுகளும் திடமாக இருக்கின்றன. குழப்பமே அதில்தான், மெஷின் சரியில்லை என்றால் எல்லாமே போயிருக்க வேண்டாமா? சூடு 37.8 காட்டுகிறது, முட்டையை அதுவே திருப்பிவிடும், தண்ணீரும் வற்றவிடுவதில்லை. தட்டு நிறையும்வரை முட்டைகளை அடுப்படி அலமாரியில் சேர்த்து வைப்போம், சில நேரம் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். பக்கத்து வீட்டு மாமா சேவலை மாற்றச் சொல்கிறார். பிள்ளைகள் ஆசையாக வளர்த்த சேவல், மாற்ற மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தெலுக் இந்தான்காரர்

சேவல் மேல் கை வைக்காதீர்கள். ரத்த வளையம் இருந்தாலே அந்த முட்டையில் கரு கூடியிருக்கிறது என்று அர்த்தம். கரு உயிரோடு இருந்து ரத்தக் குழாய் ஓடிய பிறகு செத்தால்தான் ரத்தம் ஓரத்துக்கு ஒதுங்கி வளையமாக நிற்கும். வெறும் மஞ்சளாகத் தெரிகிற முட்டைகளையும் கூமுட்டை என்று தூக்கிப் போடாமல் தட்டில் உடைத்துப் பாருங்கள். மஞ்சள் கருவின் மேல் கெட்டியான சின்ன வெள்ளைப் புள்ளி மட்டும் இருந்தால் கரு கூடவே இல்லை, அப்போது சேவலைப் பற்றி யோசிக்கலாம். புள்ளி பெரிதாகி, வெளுத்த வட்டமாகப் பரவி, ரத்தம் மட்டும் இல்லை என்றால் அது முதல் ஓரிரு நாளிலேயே செத்த கரு. டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

கூலிம் அக்கா

தம்பி, எனக்கு உங்கள் அடுப்படி அலமாரி மேல்தான் சந்தேகம். கோழி முட்டையின் கரு ஏறக்குறைய 21 முதல் 24 டிகிரிக்குக் கீழே போனால்தான் வளர்ச்சியை நிறுத்தித் தூங்கும். நம் ஊரில் அடுப்படி பகலில் 30க்கு மேல் போகும், இரவில்கூட அந்த அளவுக்கு இறங்காது. அந்தச் சூட்டில் கரு தூங்கவும் முடியாமல் ஒழுங்காக வளரவும் முடியாமல் அரைகுறையாக நகர்ந்துகொண்டே இருந்து பலம் இழந்துவிடும், அப்புறம் மெஷினில் வைத்ததும் சில நாள் தள்ளாடிப் போய்ச் சேரும். புதிதாக இட்ட முட்டை தப்பிக்கிறது, பழைய முட்டை சாகிறது, அதனால்தான் உங்களுக்குப் பாதிப் பாதியாக வருகிறது. சந்தேகம் இருந்தால் பென்சிலால் ஒவ்வொரு முட்டையிலும் இட்ட தேதியை எழுதி வையுங்கள், ஏழாம் நாள் வளையம் எந்தத் தேதிகளில் விழுகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இனிமேல் நான்கைந்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள், தட்டு நிறையாவிட்டாலும் பரவாயில்லை. 15 முதல் 18 டிகிரி நல்லது. பிரிட்ஜ் வேண்டாம், அதன் 4 டிகிரி கருவுக்கு அதிகக் குளிர். பாலிஸ்டைரீன் பெட்டியில் ஐஸ் போத்தலைத் துணியில் நன்றாகச் சுற்றி ஓரமாக வைத்து, தெர்மாமீட்டரும் போட்டு, முட்டையைக் கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கினால் போதும். எடுத்ததும் நேரே மெஷினில் வைக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். ஓடு வியர்த்தால் அதைத் துடைக்கக் கூடாது, கிருமி ஓட்டுத் துளை வழியாக உள்ளே போய்விடும், தானாகக் காயட்டும். அழுக்கு முட்டையைக் கழுவியும் வைக்காதீர்கள்.

பழைய தோட்டத்து ஆள்

அக்கா சொல்வது சரிதான், ஆனால் ஒன்று இடிக்கிறது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்தில் எங்கள் கோழிகள் கூடைக்குள் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டு முடித்த பிறகுதான் அடைக்கு உட்காரும், அதுவரை முட்டைகள் இதே வெயிலில்தான் கிடக்கும், ஆனாலும் பெரும்பாலும் பொரித்துவிடும். அது எப்படி?

கூலிம் அக்கா

நல்ல கேள்வி அண்ணே. கோழி அடுத்த முட்டையிட வந்து உட்காரும்போதெல்லாம் கூடையில் இருக்கும் மற்ற முட்டைகளுக்கும் கொஞ்ச நேரம் உடம்புச் சூடு கிடைக்கிறது. அந்தக் குறுகிய சூடு கருவுக்குத் தெம்பு தருகிறது. பெரிய பொரிப்பகங்களிலும் நீண்ட நாள் வைக்கும் முட்டைகளுக்கு இடையிடையே சில மணி நேரம் சூடு கொடுத்துவிட்டு மறுபடி குளிரில் வைப்பதுண்டு. அலமாரி முட்டைக்கு முழுச் சூடும் இல்லை, குளிரும் இல்லை.

தெலுக் இந்தான்காரர்

மெஷினையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 போதும், உங்களுடையது 37.8 காட்டுகிறது, அதில் காட்டும் எண்ணே அரை டிகிரி தப்பாக இருந்தால் 38ஐத் தாண்டிவிடும், இளங்கருவுக்குக் குளிரைவிடச் சூடுதான் எமன். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையை முட்டை ஓட்டில் படும்படி வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், நடுவிலும் நாலு மூலையிலும். மெஷினால் சூடாக்க மட்டுமே முடியும், குளிர்விக்க முடியாது, அதனால் தகரக் கூரைக்குக் கீழேயோ மாலை வெயில் படும் ஜன்னல் பக்கமோ வைக்கக் கூடாது. கரண்டு கொஞ்ச நேரம் போனால் பதறி மூடியைத் திறக்காமல் துணி போட்டு மூடிவிடுங்கள், முதல் நாட்களில் கரு அதைத் தாங்கும்.

பழைய தோட்டத்து ஆள்

தீனி என்ன போடுகிறீர்கள்? மிச்சச் சோறும் சோளமும் மட்டும் தின்கிற பெட்டையின் முட்டையில் வைட்டமின் ஏ குறைந்துபோனால் கருவில் ரத்த ஓட்டமே சரியாக அமையாது, அதுவும் முதல் வாரச் சாவுதான். தினமும் ஒரு பிடி முருங்கைக்கீரை உருவிப் போடுங்கள், பண்ணைத் தீனியும் கொஞ்சம் சேருங்கள். இரண்டு மூன்று வாரமாவது ஆகும் முட்டையில் தெரிய.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. தீனி, அண்ணன் சொன்ன மாதிரியேதான், சோறும் சோளமும். இன்று முதல் தேதி எழுதி வைக்கிறேன். அக்கா, ஐஸ் போத்தலை எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள்? பகலில் வீட்டில் ஆள் இருக்காது.

கூலிம் அக்கா

காலையில் ஒன்று, இரவில் ஒன்று. பெரிய போத்தல் என்றால் பெட்டியை அடிக்கடி திறக்காதவரை தாங்கும். பெட்டியை அடுப்படியில் வைக்காமல் சிமெண்டுத் தரையில், நிழலான மூலையில் வையுங்கள்.